பாம்புத் தொட்டிக்குள் தெர்மோஸ்டாட் ப்ரோப்பை எதைக் கொண்டு நிறுத்துகிறீர்கள்? டேப் ஒட்டியதால் வந்த வினை

பனிவெளி · ஸ்கார்பரோ
சனி, இரவு 11.52

வணக்கம். இரண்டு நாளாக மனம் சரியில்லை. முழுவதையும் எழுதிவிடுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் மூன்று வயதுப் பெண் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) ஒன்று இருக்கிறது. பெயர் மிளகு, எடை 1,400 கிராம். 90 செ.மீ நீளக் கண்ணாடித் தொட்டி. வலப்பக்கம் அடியில் வெளியே ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), அதற்குச் சூட்டைப் பார்த்து எரிக்கவும் அணைக்கவும் ஒரு சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட். அதன் ப்ரோப்பை, அதாவது வயர் நுனியில் சூட்டை அளக்கும் பாகத்தை, மட்டும் உள்ளே விட்டு, மேட்டுக்கு நேர் மேலே கண்ணாடித் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி, அதற்கு மேல் தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தேன். எட்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை.

வியாழன் காலை தண்ணீர் மாற்றப் போனபோது மிளகு குளிர்ப்பக்க மூலையில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒடுங்கிக் கிடந்தாள். அந்த நேரத்தில் அவள் அங்கே இருக்கமாட்டாள். தூக்கினால் வாலுக்குச் சற்று மேலே ஒரு விரல் நீள டேப், உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. ப்ரோப் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. தெர்மோஸ்டாட்டின் முகத்தில் 24 டிகிரி. மேட் ஓடுவதைக் காட்டும் அதன் சின்ன விளக்கு அணையாமல் எரிந்தது. நார்த்தூளை விலக்கி டெம்ப் கன்னை (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) வைத்தால் கண்ணாடி 47.

டேப்பை இழுக்கக் கை போனது. நல்ல காலம், இழுக்கவில்லை. மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். சமையல் எண்ணெயைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு டேப்பின் விளிம்பில் விட்டு, ஊறவிட்டு, தலையிலிருந்து வால் பக்கமாக, செதில் படுத்திருக்கும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கச் சொன்னார். நாற்பது நிமிடம் பிடித்தது. கணவர் இரண்டு கையாலும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தார். கடைசி ஒரு சென்டிமீட்டரில் மூன்று செதிலின் மேல்தோல் டேப்போடு வந்துவிட்டது. அவள் சீறவில்லை, கடிக்கவில்லை. தலையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று பின்னேரம் நேரில் கொண்டுபோய்க் காட்டினோம். வயிற்றுச் செதில்களில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. மேலோட்டமான சூடுதான், ஆனால் கொப்புளம் சில நாள் கழித்தும் எழலாம் என்றார். பூசுவதற்கு ஒரு களிம்பு. நார்த்தூளை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் டவலில் வைத்திருக்கிறேன், மேட்டை அணைத்துவிட்டு அறையையே சூடாக்கி வைத்திருக்கிறேன்.

இனி இந்த வீட்டில் தொட்டிக்குள் டேப் என்ற பேச்சே இல்லை. அப்படியென்றால் வேறு எதனால் நிறுத்துவது? நீங்கள் எல்லாரும் என்ன செய்கிறீர்கள்?

---

வயரிங்காரர் · ஹாரோ, லண்டன்
ஞாயிறு, காலை 7.15

தங்கச்சி, எண்ணெய் விட்டு உரித்தது சரியான வேலை. டேப்பைக் கண்டதும் படக்கென்று இழுத்து, தோலோடு கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் தொழிலில் எலெக்ட்ரீஷியன். பாம்பு வளர்ப்பது பதினொரு வருடமாக. முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெர்மோஸ்டாட்டுக்குக் கண் கிடையாது. ப்ரோப்பின் நுனி எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துச் சூடுதான் அதற்குத் தெரிந்த ஒரே உலகம். நுனி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தால், அந்த இடம் சூட்டுப்பக்கத்துக்கு வைக்கும் 32 டிகிரி ஆகும்வரை மேட்டை எரிக்கச் சொல்லும். அந்த இடம் 32 ஆகவே ஆகாது. உங்கள் கருவி பழுதாகவில்லை, சொன்னதைச் செய்திருக்கிறது.

பாம்புக்கும் இதில் ஒரு குறை உண்டு. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன அல்லவா, இருட்டில் எலியின் உடல்சூட்டை அவற்றால்தான் காண்கிறது. அவ்வளவு நுட்பமான பிராணி, வயிற்றுக்குக் கீழே தரை சுடும்போது மட்டும் சட்டென்று நகராது. காட்டில் அதற்குச் சூடு மேலே வெயிலிலிருந்து வரும். அடியிலிருந்து எரிக்கும் தரையைத் தவிர்க்கும் பழக்கம் அதற்கு இல்லை என்பார்கள். சூடு பிடித்துப் படுத்தே கிடக்கும்.

இப்போது கேள்வி. மேட் வெளியே என்றீர்கள். தொட்டிக்கு அடியில் ரப்பர்க் கால் வைத்திருக்கிறீர்களா, அல்லது மேட் மேசையில் நேரே அழுந்துகிறதா? தெர்மோஸ்டாட்டைத் தவிர வேறு தெர்மாமீட்டர் ஏதாவது உள்ளே இருந்ததா?

என் பரிந்துரை இதுதான்: தெர்மோஸ்டாட் ப்ரோப்பை உள்ளே வைக்காதீர்கள். வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். பாம்பு எட்டவே முடியாத இடத்தில் இருப்பதைப் பாம்பு இழுக்க முடியாது.

---

சாரை · டாலஸ்
ஞாயிறு, காலை 9.40

படிக்கவே கஷ்டமாக இருந்தது, பனிவெளி. மிளகு சீக்கிரம் தேறட்டும். அடுத்த இரண்டு மூன்று சட்டை உரிப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். என் சோளப்பாம்பு ஒன்றுக்கு, என்னிடம் வருவதற்கு முன்பே பட்ட சூட்டுத் தழும்பு அப்படித்தான் மங்கியது.

வயரிங்காரர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வெளியே வைத்தால் கருவி காட்டுவது மேட்டின் சூடு. பாம்பு படுக்கும் இடத்தின் சூடு வேறு. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி இருக்கிறது, நார்த்தூள் இருக்கிறது. நான் ஆறு வருடமாக உள்ளேதான் வைக்கிறேன், ஹாட் குளூ கன் போட்டு. ஒரு தடவைகூடப் பிடுங்கவில்லை.

முறை இது. கண்ணாடியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் பிடிக்காது. ப்ரோப்பின் உலோக நுனி கண்ணாடியைத் தொட்டபடி இருக்கட்டும், அதன் மேல் பசை விடக் கூடாது. நுனிக்குப் பின்னால் வயர் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பொட்டு. பிறகு வயர் போகும் வழியெல்லாம் ஐந்து செ.மீ.க்கு ஒரு பொட்டு, மூலை வழியாக மேலே மூடிவரை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நுனியை மட்டும் ஒட்டிவிட்டு வயரை ஊஞ்சல்போல் விட்டால், பாம்பு தலையை வயருக்கு அடியில் விட்டு ஒரு நிமிர்வு நிமிர்ந்தால் போதும், பசை பெயர்ந்து வந்துவிடும். வயர் எங்கும் விரல் நுழையும் இடைவெளி இல்லாமல் படுத்துக் கிடக்க வேண்டும்.

எடுக்க வேண்டுமென்றால் பசையின் ஓரத்தில் அதே ஆல்கஹாலை நாலு சொட்டு விட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தட்டாகக் கழன்றுவிடும். காய்ந்த பசையில் ஒட்டும் தன்மை கிடையாது என்பதால் செதிலுக்கு ஆபத்தில்லை.

---

பனிவெளி · ஸ்கார்பரோ
ஞாயிறு, பகல் 1.05

இருவருக்கும் நன்றி.

வயரிங்காரர் அண்ணா, ரப்பர்க் கால் நாலு மூலையிலும் இருக்கிறது, அரை செ.மீ இடைவெளி. உள்ளே வேறு தெர்மாமீட்டர் இருந்தது, ஆனால் கடையில் விற்கும் வட்டமான முள் வைத்தது, பின்கண்ணாடியில் பாதி உயரத்தில். அதில் அன்றைக்கும் 27தான் காட்டியது. தரை 47ல் எரியும்போது!

சாரை, வயரைத்தான் நானும் தளர விட்டிருந்தேன். இப்போது யோசித்தால் கொஞ்ச நாளாகவே வயர் ஒரு பக்கம் மேலே எழும்பி இருந்தது. கண்டும் கவனிக்கவில்லை.

வெளியே வைத்தால் நல்லது என்று ஒருவர், உள்ளே வைத்தால்தான் உண்மை தெரியும் என்று ஒருவர். எனக்கு இரண்டும் சரி மாதிரிப் படுகிறது.

---

வயரிங்காரர் · ஹாரோ, லண்டன்
ஞாயிறு, மாலை 6.30

சாரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளியே வைத்தால் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் வேறுதான். ஆனால் அந்த வித்தியாசத்தை ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய மாறாது. நான் செய்தது: வெளியே ப்ரோப், தெர்மோஸ்டாட்டை 34ல் வைத்து நாலு மணி நேரம் விட்டேன். பிறகு உள்ளே, வெறும் கண்ணாடியில், டெம்ப் கன்னால் ஆறு இடத்தில் பார்த்தேன். 30 சொச்சம். அடுத்த நாள் 35. அதற்கடுத்த நாள் 36ல் வைத்தபோது உள்ளே 32 வந்தது. அதோடு நிறுத்தினேன். உங்கள் கண்ணாடியின் கனம் வேறு, அறை வேறு, ஆகவே என் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். நீங்களே ஒரு டிகிரி ஒரு டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். பாம்பை வேறு பெட்டியில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கே அளப்பது என்பதிலும் கவனம். நார்த்தூளின் மேல்பரப்பை அளந்து 29தானே இருக்கிறது என்று ஏற்றிவிடக் கூடாது. பால் பைத்தான் தூளைத் தோண்டிக் கண்ணாடியில் வயிறு படப் படுக்கும். அடிக்கண்ணாடிதான் கணக்கு. டெம்ப் கன்னைத் தொட்டிக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகக் காட்டுவதும் வீண்; அது காட்டுவது அந்தப் பக்கக் கண்ணாடியின் சூடு.

ஏன் இவ்வளவு பிடிவாதமாக வெளியே என்கிறேன்? எது தவறினாலும் எந்தப் பக்கம் தவறும் என்று பாருங்கள். வெளியே இருக்கும் ப்ரோப் மேட்டையே தொட்டுக்கொண்டிருக்கிறது. பாம்பு உள்ளே தோண்டட்டும், கிண்ணத்தைக் கவிழ்க்கட்டும், மேட் 36க்கு மேல் போகாது. உள்ளே இருக்கும் ப்ரோப் இடம் பெயர்ந்தால் மேட்டுக்கு எல்லையே இல்லை. முதலாவதில் தவறு நடந்தால் பாம்புக்குக் கொஞ்சம் குளிரும். இரண்டாவதில் தோல் வேகும்.

சாரை சொல்லும் உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு, தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அதன் ப்ரோப்பை உள்ளே ஒட்டுங்கள், அவர் சொன்ன முறையிலேயே. அது பார்ப்பதற்கு மட்டும். அதைப் பாம்பு பிடுங்கினாலும் எண் தவறுமே தவிர மேட் எரியாது. சூடு காக்கும் வேலை ஒரு ப்ரோப்புக்கு, சொல்லும் வேலை இன்னொன்றுக்கு.

வெளியே ஒட்டுவதற்கு அலுமினியம் ஃபாயில் டேப் போதும். பாம்பு தொடாத இடம், டேப் இருக்கலாம். மேட்டின் நடுவில் வையுங்கள், ஓரம் எப்போதும் சூடு குறைவு. தட்டையான ப்ரோப்பாக இருந்தால் நல்லது. தடித்த உருளை என்றால் மேட் அந்த இடத்தில் கண்ணாடியைவிட்டுத் தூக்கி நிற்கும்.

---

சாரை · டாலஸ்
ஞாயிறு, இரவு 10.20

எந்தப் பக்கம் தவறும் என்ற கணக்கை நான் இதுவரை அப்படி யோசித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய ஆறு தொட்டியில் நாலு, அடியில் மேட் உள்ளவை. அவற்றை இந்த வாரம் மாற்றப்போகிறேன்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. போன வருடம் ஒரு தொட்டியில் சூடு ஏறிக்கொண்டே போனது. ப்ரோப் வைத்த இடத்தில்தான் இருந்தது, அசையவில்லை. கடைசியில் பார்த்தால் பாம்பு சரியாக நுனியின் மேல் சிறுநீர் கழித்திருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது நுனியைக் குளிர்விக்கும், கருவி இன்னும் ஏற்று என்று சொல்லும். ஈரத் துணியில் பானையைச் சுற்றினால் தண்ணீர் குளிர்கிற அதே கதை. மூன்று டிகிரி தப்பாகக் காட்டியது. வெளியே வைத்தால் இந்தப் பிரச்சினையும் போய்விடுகிறது.

---

புதுமுகம் · சென்னை
திங்கள், காலை 8.05

நல்ல தகவல்கள். எங்கள் காலி மனையில் ஒரு சின்ன சாரைப்பாம்பு பிடித்து வைத்திருக்கிறேன். அதற்கும் இந்த ஹீட் மேட் வேண்டுமா?

---

சாரை · டாலஸ்
திங்கள், காலை 8.50

தம்பி, என் பெயரே சாரை என்பதால் நானே சொல்கிறேன். அதைப் பிடித்த இடத்துக்கு அருகிலேயே விட்டுவிடுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டு இனங்களில் பால் பைத்தான்போல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டது. காலி மனையில் எலி பிடிக்க அந்தச் சாரை இருக்கட்டும், உங்கள் வீட்டுக்கும் நல்லது.

---

புதுமுகம் · சென்னை
திங்கள், காலை 9.12

சரி அண்ணா, விட்டுவிட்டேன். வேலியோரம் ஓடிவிட்டது.

---

மரப்பெட்டி · ஸ்டுட்கார்ட்
திங்கள், இரவு 9.30

தாமதமாக வருகிறேன். அடியில் மேட் வைப்பவர்களுக்கு வெளியே ப்ரோப் என்பது சரி. ஆனால் மேலிருந்து சூடு கொடுப்பவர்களுக்கு அந்த வழி இல்லை, ப்ரோப் உள்ளேதான் இருந்தாக வேண்டும். இதை வாசித்துவிட்டு யாரும் பல்பின் தெர்மோஸ்டாட் ப்ரோப்பைக் கொண்டுபோய் வெளியே ஒட்டிவிடக் கூடாது, அறைச் சூட்டை அளந்துகொண்டு பல்பு அணையாமலே இருக்கும்.

என்னிடம் 120 செ.மீ பிளைவுட் பெட்டி. கூரையில் 80 வாட் டீப் ஹீட் ப்ரொஜெக்டர் (சூடு தருவதற்கான பல்பு), கம்பிக் கூண்டுக்குள். கீழே ஒரு ஸ்லேட் கல். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட். பின்சுவரில் கூரையிலிருந்து கீழே வரை வயர் ஓட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், சுவர்களில் கேபிள் மறைக்கப் பயன்படுத்துவோமே, அதைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறேன். வயர் முழுக்க அதற்குள். கடைசி மூன்று செ.மீ மட்டும் வெளியே நீண்டு, கல்லில் படுத்திருக்கும் பாம்பின் முதுகு உயரத்தில் நிற்கிறது, ஒரு உலோக வளையக் கிளிப்பால் பிடித்து. ஆணி வைத்த கிளிப் வேண்டாம், பாம்பு உரச உரச ஆணி வெளியே வந்துவிடும். திருகுதான்.

கூரையிலிருந்து வயரைத் தொங்கவிட்டு நடுவில் நுனியை நிறுத்துபவர்களும் உண்டு. பாம்புக்கு அது ஏறுவதற்குக் கட்டிய கயிறு. இரண்டு கிலோ எடை தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நுனி சுவரோரம் இருப்பதால் பல்பின் நேர்ச்சூடு அதன் மேல் முழுதாக விழாது. அது 29 காட்டும்போது கல் 33 இருக்கிறது. வயரிங்காரர் சொன்ன மாதிரியே கல்லை டெம்ப் கன்னால் அளந்து, தெர்மோஸ்டாட் எண்ணை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும். கல்லின் மேலேயே ப்ரோப்பை வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைத்துப் பார்த்தேன். பாம்பு அதன் மேலேயே சுருண்டு படுத்தது. நுனிக்குப் பல்பு தெரியவில்லை, நிழல். சூடு ஏறிக்கொண்டே போனது, அவள் முதுகில்.

கேபிள் டை போடுபவர்கள் வெட்டிய முனையைத் தடவிப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் பிளேடு மாதிரி ஒரு முனை நிற்கும். நகவெட்டியால் அடியோடு வெட்டி, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் ஓட்டை. வயர் வருவதற்காக 12 மி.மீ துளை போட்டு, வயர்தான் அடைத்திருக்கிறதே என்று விட்டிருந்தேன். வயர் நாலு மி.மீ. மீதி இடம் பென்சில் தடிமன் சோளப்பாம்புக் குட்டிக்கு வாசல். ஒன்பது நாள் கழித்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கண்டெடுத்தோம், உயிரோடு. இப்போது எல்லாத் துளையிலும் ரப்பர் வளையம், அதைச் சுற்றிச் சிலிக்கோன்.

---

குளிர்பக்கம் · லெஸ்டர்
செவ்வாய், காலை 7.00

சிலிக்கோன் என்றதும் ஒரு கேள்வி. நான் நேற்று இரவு ப்ரோப்பை அதால் ஒட்டினேன், காலையில் தொட்டால் காய்ந்திருக்கிறது. பாம்பை விடலாமா? ரப்பர் உறிஞ்சி வைத்து ஒட்டும் சக்ஷன் கிளிப்பை முன்பு பாவித்தேன், வாரம் ஒருமுறை விழுந்தது.

---

மரப்பெட்டி · ஸ்டுட்கார்ட்
செவ்வாய், காலை 7.40

விடாதீர்கள். மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருக்கும். மூக்கை வைத்துப் பாருங்கள், வினிகர் வாசம் வருகிறதா? அது அசெட்டிக் அமிலம், சிலிக்கோன் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்றைப் பாம்பு சுவாசிக்கக் கூடாது. கதவைத் திறந்துவைத்து, வாசம் அடியோடு போகும்வரை காத்திருங்கள். நான் எப்போதும் மூன்று முழு நாள் விடுவேன். சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் இன்னும் தாமதமாகும். டியூபில் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்தது என்று போட்டிருந்தால், அது குளியலறைக்கானது. மீன்தொட்டிக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள்.

சக்ஷன் கிளிப் சூட்டிலும் ஈரத்திலும் நிற்காது. அதை நம்பித் தெர்மோஸ்டாட் ப்ரோப்பை வைக்காதீர்கள். கடைத் தெர்மாமீட்டர்களின் பின்னால் ஒட்டி வரும் வெல்க்ரோவும் அப்படித்தான். அதன் பின்புறப் பசை டேப்பைவிட மோசம், சூட்டில் இளகி விளிம்பு வெளியே வரும்.

---

வயரிங்காரர் · ஹாரோ, லண்டன்
செவ்வாய், இரவு 8.15

எல்லாரும் ஒரு சோதனை செய்யுங்கள். பாம்பை எடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரோப்பின் பிளக்கைக் கழற்றுங்கள். ஹீட் அணைகிறதா, எரிகிறதா?

காரணம் சொல்கிறேன். நுனியில் இருப்பது தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி. பெரும்பாலும் என்.டி.சி வகை: சூடு கூடினால் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் என்பது பரவலான அளவு. வயர் உள்ளே அறுந்துவிட்டால் தடை எல்லை கடந்து போகும். விவரமில்லாத கருவிக்கு அது கடும் பனி என்று படும். ப்ரோப் வைத்த இடத்தைவிட்டு ஒரு மயிரிழை நகராமலே உங்கள் மேட் முழு வேகத்தில் எரியும். நல்ல கருவி இந்த நிலையைக் கண்டுபிடித்து, எச்சரித்து, ஹீட்டை நிறுத்தும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வயர் எங்கே அறும்? மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் தினமும் நசுங்கும் இடத்தில். கம்பிவலை மூடியின் ஓரத்தைக் கத்தரித்து வயருக்குத் தனி வழி விடுங்கள், அந்த வெட்டில் ரப்பர்க் குழாயைப் பிளந்து மாட்டுங்கள்.

ப்ரோப் உண்மை சொல்கிறதா என்று பார்க்க, ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், கலக்கி ஐந்து நிமிடம். நுனியை நடுவில் பிடியுங்கள், அடியில் முட்டக் கூடாது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றரை டிகிரி தள்ளிக் காட்டினால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாலு டிகிரி தள்ளினால் மாற்றுங்கள். தண்ணீர் புகாத ப்ரோப் என்றால் மட்டும்.

---

பனிவெளி · ஸ்கார்பரோ
புதன், இரவு 10.45

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், அண்ணா. அணையவில்லை. விளக்கு எரிந்தபடி, முகத்தில் ஏதோ இரண்டு கோடு. கையை மேட்டில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன், சூடு ஏறிக்கொண்டே போனது. அந்தக் கருவியை அன்றைக்கே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடாமல் வயரை வெட்டித்தான் போட்டேன், வேறு யாரும் எடுத்துப் பாவிக்கக் கூடாது.

---

பனிவெளி · ஸ்கார்பரோ
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 3.20

கேட்டுக் கேட்டுச் செய்துவிட்டேன், இப்போது திரும்ப வந்து சொல்வதுதான் முறை.

கொப்புளம் எழவில்லை. முதல் சட்டை போன செவ்வாய் உரிந்தது. டேப் பிடித்த இடத்தில் மட்டும் சட்டை ஒட்டிக்கொண்டு ஒரு வளையமாக நின்றது. இழுக்கவில்லை, வெதுவெதுப்பான ஈரத் துணிக்குள் அவளை அரை மணி நேரம் ஊர விட்டதும் தானாகக் கழன்றது. அந்த மூன்று செதில் இன்னும் சுற்றியுள்ளவற்றைவிட மங்கலாக, விளிம்பு கொஞ்சம் சுருங்கி இருக்கிறது. வயிற்றுச் சிவப்பு இருந்த இடம் இப்போது வெளிர்மஞ்சள். வைத்தியர் பார்த்துத் திருப்தி சொன்னார். நேற்று முதல் தடவையாக எலி எடுத்தாள், இழுத்துச் சுற்றிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

தொட்டி: புதுத் தெர்மோஸ்டாட், பிளக்கைக் கழற்றினால் கத்திக்கொண்டே அணைகிறது. ப்ரோப் வெளியே, மேட்டின் நடுவில், ஃபாயில் டேப்பில். ஒரு டிகிரி ஒரு டிகிரியாக ஏற்றியதில் எனக்கு 35க்கு உள்ளே 32 வந்தது. உள்ளே தனித் தெர்மாமீட்டரின் ப்ரோப், சாரை சொன்ன மாதிரி குளூ கன்னால், வயர் மூலை வழியாக ஒன்பது பொட்டு. அவள் முதல் இரவே மூக்கால் அந்த வழி முழுவதையும் நெருடிப் பார்த்தாள். எங்கேயும் மூக்கு நுழையவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவில்லை. நார்த்தூளை மறுபடியும் போடலாம் என்கிறார் வைத்தியர். எவ்வளவு ஆழம் போடுவது? கட்டியாக வாங்கியது, உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று இருக்கிறது, ஊர்த் தேங்காய்தான்.

---

வயரிங்காரர் · ஹாரோ, லண்டன்
ஞாயிறு, இரவு 9.05

எலி எடுத்தாள் என்று வாசித்ததும் வீட்டுக்காரிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், தங்கச்சி.

மேட் இருக்கும் பக்கம் ஒன்றரை செ.மீ போதும், குளிர்ப்பக்கம் ஐந்து ஆறு போடலாம். மேட்டுக்கு மேல் குவித்தால் சூடு உள்ளே அடைந்து நிற்கும், வெளியே ப்ரோப் இருப்பதால் எரிக்காது, ஆனால் மேலே படுக்கும்போது அவளுக்குச் சூடு கிடைக்காது. நனைத்துப் பிழிந்து, கையில் ஈரம் ஒட்டாத பதத்தில் போடுங்கள். போட்டு ஒரு நாள் கழித்து அடிக்கண்ணாடியை மறுபடி அளந்து எண்ணை இங்கே எழுதுங்கள்.

---

பனிவெளி · ஸ்கார்பரோ
செவ்வாய், காலை 6.50

ஒன்றரை செ.மீ போட்டேன். அடிக்கண்ணாடி நடுவில் 32.6, ஓரத்தில் 30.1. தெர்மோஸ்டாட்டை அரை டிகிரி குறைத்து 34.5ல் வைத்திருக்கிறேன். மிளகு சூட்டுப்பக்க மறைவிடத்துக்குள் போய், தலையை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.